துண்டுக்கு அடியில் இரண்டு கைகள்

வலியில்லாத ஒரு நாளின் விலை அன்றைக்கு மட்டாஞ்சேரியில் மூன்றணா. பேரம் பேசத் தெரிந்தவனுக்கு இரண்டரைக்கும் கிடைக்கும். எனக்கு இரண்டரைக்குத்தான் கிடைத்தது.

சாயாவைக் குடியுங்கள், ஆறிவிடும். ஜமாஅத்திலிருந்து வீடு தேடி வந்திருக்கிறீர்கள். வந்த காரியம் எனக்குத் தெரியும். என் அண்ணன் சிகாபுதீனின் மனைவி ஜொஹரா பீவி உங்களிடம் வந்து அழுதிருக்கிறார். எங்கள் மிளகுக் கிடங்கான பாண்டிகசாலையில் புருஷனுக்கு இருந்த பாதிப் பங்கு எப்படி இந்தக் கமாலுதீன் பேருக்கு மாறியது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நீங்கள் இந்த ஊர்க்காரர்கள், அண்ணனை இக்கா என்பீர்கள். குளச்சலிலிருந்து வந்த எங்களுக்கு அவர் காக்கா, அவர் மனைவி மைனி. அப்படியே சொல்லிப் போகிறேன், நாக்குக்குப் பழக்கம்.

எங்கள் தொழில் மிளகு வியாபாரமும் தரகும். வாப்பா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கற்றுக்கொடுத்தார். ஆனால் கை ஒரே மாதிரி அமையவில்லை. நம் கடைவீதியில் விலையை வாயால் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சந்திக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கண்டி எடைக்கு ஒரு ரூபாய் கூட. ஐந்தையும் சேர்த்து இறுக்கினால் ஐந்து. உதறினால் வேண்டாம், உள்ளங்கையில் தட்டினால் முடிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் விலை தெரியாது. என் கை துண்டுக்குள் போனதுமே வியர்க்கும். வியர்த்த கையைப் பிடித்தவன், இவனுக்கு அவசரம் என்று ஒரு நொடியில் கண்டுகொள்வான். காக்காவின் கை மரக்கட்டை மாதிரி. அதனால் கணக்கு, கொள்முதல், ஆள் பிடிப்பது என் வேலை. துண்டு அவருடையது. அவர் கை இல்லாவிட்டால் நான் வெறும் குமாஸ்தா. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷ மழையில், வள்ளத்திலிருந்து மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து ஒரு மிளகு மூட்டை காக்காவின் இடுப்பில் விழுந்தது. எலும்பு கூடியது. வலி கூடவே தங்கிவிட்டது. இடுப்பில் புறப்பட்டு இடது கணுக்கால் வரை, கொதிக்கிற கம்பியை நரம்புக்குள் இழுப்பது போல என்பார். எறணாகுளத்து டாக்டர் ஊசி போட்டார், பிறகு பொறுத்துக்கொள்ளச் சொன்னார். பொறுத்துக்கொள் என்பதற்கும் பீஸ் வாங்கினார். பத்து வயது மகள் ஜுமைலாவை முதுகில் ஏறி நிற்கச் சொல்லி, வாப்பாவுக்கு மகள் பாரமா என்று சிரிப்பார். சிரிக்கும்போது வாயில் துண்டைக் கடித்திருப்பார்.

அப்புறம்தான் ஹக்கீம் நைனா முகம்மது வந்தார். லைசென்ஸ் கடையில் வாங்கிய கஞ்சா இலையைப் பல தண்ணீரில் கழுவி, பாலில் வேகவைத்து, நெய்யில் வீரியத்தை இறக்கி, பேரீச்சம்பழமும் கசகசாவும் வெல்லமும் சேர்த்து ஒரு லேகியம் கிண்டுவார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நெல்லிக்காய் அளவு உருண்டை. காக்கா தயங்கினார். மார்க்கத்துக்கு ஆகுமா என்று கேட்டார். மருந்துக்கு ஆகும், மயக்கத்துக்கு ஆகாது என்றார் ஹக்கீம். அளவு தவறக் கூடாது, ஒரே ஆள் கையில் டப்பா இருக்கட்டும் என்றும் சொன்னார். டப்பா என் கைக்கு வந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் முக்காலி வேண்டாமென்று காக்கா தரையில் நின்று தொழுதார். நெற்றியைத் தரையில் வைத்தவர் எழுந்திருக்க நேரமாயிற்று. வலி என்று நினைத்து நான் குனிந்தேன். அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவர்மேல் பிரியமில்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சங்கடம் துண்டுக்கு அடியில் வந்தது. வலி போன கை இளகிவிட்டது. மயக்கம் ஒன்றும் இல்லை, புத்தி தெளிவுதான். மனசுதான் விசாலமாகிவிட்டது. மூன்று ரூபாய் கூட்ட வேண்டிய இடத்தில் ஒரு ரூபாயிலேயே உள்ளங்கையைத் தட்டிவிடுவார். ஏன் காக்கா என்றால், "போவட்டும் கமாலே, அவனுக்கும் புள்ளகுட்டி இல்லியா" என்பார். அவனுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது, அதற்குப் பாலும் பழமும் எங்கள் பாண்டிகசாலையிலிருந்து போனது. வலி போனது அவருக்கு, முதல் போனது எனக்கு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்தேன். ஒருமுறை ஹக்கீம் தன் மகள் பிரசவத்துக்குக் கும்பளங்கி போய் மழையில் மாட்டிக்கொண்டார். லேகியம் தீர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் மொத்தமாக மிளகு வாங்கும் வல்லப்தாஸ் சேட்டோடு பெரிய பேரம். காக்கா வியர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துண்டு விழுந்தது. நடுப்பேரத்தில் அவருக்குக் காலில் வலி வெட்டியது. வெளியே முகம் அசையவில்லை, உள்ளே கை சேட்டின் ஐந்து விரலையும் சேர்த்து நெரித்தது. சேட்டு அதை ஐந்து ரூபாய் என்று படித்தார். மறுபடி வெட்டியது, மறுபடி ஐந்து. சேட்டு காக்காவின் கண்ணைப் பார்த்தார். அதில் ஒரு தயவும் இல்லை. வலிக்கிறவன் கண்ணில் தயவுக்கு ஏது இடம். சேட்டு பெருமூச்சு விட்டு உள்ளங்கையைத் தட்டினார். அந்த வருஷத்திலேயே நல்ல விலை அது.

நான் அன்று எதையும் திட்டமிடவில்லை. கண்ணுக்கு எதிரே பட்டதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்த பேர நாளில் காக்காவுக்குக் கொடுத்தது வேறு உருண்டை. பேரீச்சம்பழம், வெல்லம், நெய், கசப்புக்கு ஒரு சிட்டிகை வேப்பிலைப் பொடி. இதோ உங்கள் தட்டில் இருக்கிறதே, வேப்பிலை நீங்கலாக அதே சேர்மானம். பயப்படாமல் சாப்பிடுங்கள், உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. பேர நாளில் மட்டும் அது, மற்ற நாளில் உண்மையான லேகியம். அப்படித்தான் தொடங்கினேன். பிறகு வியாபாரம் பெருத்தது. பேரமில்லாத நாள் குறைந்தது. அது என் குற்றமா, மிளகின் குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காக்காவுக்குச் சந்தேகம் மருந்தின்மேல்தான் வந்தது, என்மேல் வரவில்லை. "எடா, இப்ப லேகியத்துல வீரியமே இல்லடா" என்றார். மழைக்காலத்து இலை அப்படித்தான் காக்கா என்றேன். வெயில் வந்ததும், வெயிலில் இலை காய்ந்துவிடும் என்றேன். ஹக்கீம் குழம்பிப்போய் அளவைக் கூட்டிக் கொடுத்தார். ஆக, டப்பாவில் நல்ல லேகியம் மிஞ்ச ஆரம்பித்தது. பொருள் வீணாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பழக்கமில்லை.

சேட்டுக்கு இரண்டு முட்டியிலும் வாதம். நல்ல மனுஷர், படியேறும்போது அவர் முனகுவதைக் கேட்டால் கல்லும் இரங்கும். பேரத்துக்கு முன்னால் சாயாவோடு ஒரு உருண்டை வைத்தேன். மூட்டுக்கு நல்லது என்றேன். என்ன லேகியம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுகத்துக்கு யாரும் பூர்வோத்தரம் விசாரிப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலரும், கை இளகும். அப்புறம் துண்டு விழும். அதற்கு அடியில் ஒரு கை வலியில் இறுகியிருக்கும், இன்னொரு கை சுகத்தில் தளர்ந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நம் கடைவீதியில் எங்களைப்போல விலை பார்த்தவன் கிடையாது.

மைனி ஒருமுறை டப்பாவைத் தன்னிடம் தரச் சொன்னார். "தம்பி, அவங்க தலவாணியக் கடிச்சுப் பஞ்சு எடுத்துட்டாங்க, நான் பாத்துக் குடுக்குறேன்" என்றார். பெண்பிள்ளை இரக்கப்பட்டு அளவைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று ஹக்கீமின் சொல்லைச் சொன்னேன். போதை வஸ்துவைக் காக்காவின் வயிற்றில் சேராமல் நான் காத்தேன் என்றும் இதைப் பார்க்கலாம். ஜமாஅத்து அப்படிப் பார்த்தாலும் தவறில்லை.

காரியத்தைக் கெடுத்தது சேட்டின் நன்றிதான். ஐம்பத்தாறில் ஒரு நாள், பேரம் முடிந்து எழுந்தவர், கைப்பிடி இல்லாமல் படி இறங்கிக் காட்டினார். "சிகாபுதீன் பாய், உன் தம்பி தர்ற லேகியம் நம்ம முட்டிக்குப் பரமசுகம். மூணு வருஷமா இப்படி நடந்ததில்ல" என்றார். கைகூப்பிவிட்டுப் போனார்.

காக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தார். அதற்கு அடியில் கையை நீட்டினார்.

அவர் சத்தம் போட்டிருக்கலாம். மைனியைக் கூப்பிட்டிருக்கலாம். ஹக்கீமிடம் ஆளனுப்பியிருக்கலாம். ஆனால் ஹக்கீம் வீட்டுக்கு அவரால் நடக்க முடியாது. போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னிடம் கூலி வாங்குகிறவன். அதோடு அவர் தரகன். பொருள் எவன் கையில் இருக்கிறதோ அவனிடம்தான் விலை கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விலை கேட்டார்.

பங்கை நாம் ரூபாய்க்கு இத்தனை அணா என்று பேசுவோம். அவர் பங்கு எட்டணா, அதாவது பாதி. முதலில் என் ஒரு விரலைப் பிடித்தார், ஓரணா. உதறினேன். இரண்டு. உதறினேன். நான்கு விரலில் நின்றார். என் கைக்கு அன்று வியர்க்கவே இல்லை. முதல்முறையாக நான் துண்டுக்கடியில் நிதானமாக இருந்தேன். ஐந்து விரலையும் இறுக்கினார், பிறகு மூன்றை. எட்டு. உள்ளங்கையைத் தட்டினேன். பதிலுக்கு நான் தர வேண்டுமென்று அவர் கேட்டது ஆயுள் முழுக்க நாளுக்கு இரண்டு உருண்டை, நல்ல லேகியம். இரண்டு விரலைப் பிடித்துக் காட்டி ஒப்புக்கொண்டேன். பத்திரம் பதிவானது. பதிவு ஆபீசில் சம்மதமா என்று கேட்டதற்கு, சம்மதம் என்று தெளிவாகச் சொன்னார். அதற்குச் சாட்சி உண்டு. கட்டாயம் ஏதும் இல்லை.

லேகியம் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன். வியாபாரத்தில் நான் சொல் தவறியதில்லை. முதலில் சில வாரம் நெல்லிக்காய் அளவில் கொடுத்தேன். அவர் மறுபடி தரையில் தொழுதார். ஜுமைலாவைக் கூட்டிக்கொண்டு ஜூ டவுன் கடைத்தெரு வரைக்கும் நடந்து போய் வளையல் வாங்கிக் கொடுத்தார். கையும் மறுபடி இளகிவிட்டது. பங்கு என்னுடையது ஆனாலும் கை அவருடையதுதானே. என் வீட்டு முதலை அவர் தர்மம் செய்துகொண்டிருந்தார். ஆகவே உருண்டையைச் சுண்டைக்காய் அளவாக்கினேன். பிறகு மிளகு அளவாக்கினேன், அதுவும் நம் சரக்குத்தானே. நாளுக்கு இரண்டு என்பதில் ஒருநாளும் குறைக்கவில்லை. விரலால் எண்ணிக்கையைத்தான் பேச முடியும், பருமனைப் பேச முடியாது. இதை அவருக்கு நான் விளக்கிச் சொன்னேன்.

காக்கா அந்த மிளகு உருண்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நல்லாப் படிச்சிருக்கடா கமாலே" என்றார். "வாப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. எனக்குத்தான் பேசத் தெரியாமப் போச்சு."

தம்பியைப் பாராட்டி அவர் சொன்ன சொல் அது ஒன்றுதான். அதை நான் மறக்கவில்லை.

நயா பைசா வந்த வருஷம், ஒரு விடியற்காலை, பாண்டிகசாலைப் படித்துறையில் தண்ணீரிலிருந்து அவரை எடுத்தோம். வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊர் சொன்னது, நீங்களும் சொன்னீர்கள். முதலில் அங்கே போனவன் நான். ஊன்றுகோல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. செருப்பு இரண்டும் சோடி சேர்த்துக் கழற்றி வைத்திருந்தது, பள்ளிவாசலில் வைப்பது போல. வழுக்கி விழுகிறவன் அப்படி வைக்கமாட்டான். ஒரு செருப்பைக் காலால் தண்ணீரில் தள்ளினேன், ஊன்றுகோலைப் படியில் உருட்டிவிட்டேன். அதன் பிறகுதான் கூப்பாடு போட்டேன். கபர்ஸ்தானில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அதை நான் செய்யாவிட்டால் யார் செய்திருப்பார்கள்?

இனிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மைனியிடம் நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பங்குக்கு விலை ஆயுள் முழுக்க லேகியம். ஆயுள் முடிந்ததால் அந்த இனத்தில் நான் கொடுக்க வேண்டியது ஏதுமில்லை. காக்கா பேரில் ஹக்கீமிடம் வாங்கிய லேகியத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அதில் சேட்டு தின்றதும் சேரும், காக்கா பேரில் வாங்கியதுதானே. பத்திரச் செலவு அறுபது. கபன் துணி, குழி வெட்டிய கூலி, பாத்திஹாச் சோறு எல்லாம் நாற்பத்தைந்து. ஆக நானூற்றுப் பதினேழு. அவர் பேரில் வரவு, நிலுவையில் இருந்த தரகு முந்நூற்று எழுபத்தாறு. கழித்தால், காக்கா எனக்கு இன்னும் நாற்பத்தோரு ரூபாய் பாக்கி. உடன்பிறந்தவர். அதைக் கேட்டு நான் மைனி வாசலுக்குப் போகப் போவதில்லை.