கைப்பையில் ஒரு பிஸ்டல்

ஒட்டுக்கேட்ட பேச்சில் சிரிப்பான பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லி, ஒரு பெண்ணைக் கேலிக்கு ஆளாக்கினேன். அது என் பிழை.

டென்மார்க்கின் ஒடென்சே நகர டிராமில் டேனிஷ் பத்திரிகையால் முகத்தை மறைத்தபடி இருந்தேன். முன் இருக்கையில், கோயிலில் கண்டு முகம் பழகிய ஒரு கணவனும் மனைவியும். டெக்சாஸில் இருக்கும் அவர்களின் மகள், தன்னோடு மறைத்துக் கொண்டுதிரிய இரண்டு பிஸ்டல்களின் படத்தை அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தாள்.

"இந்தச் சின்னன் உள்ளங்கைக்குள்ள அடங்கும். கைப்பைக்குள்ள வச்சாத் தெரியாது," என்றார் கணவர்.

"வீட்டுத் திறப்புக் கொத்தையே அந்தப் பைக்குள்ள அரை மணித்தியாலம் தேடுறவள். கள்ளன் அதுவரைக்கும் நிப்பானோ?"

"அப்ப இடுப்பில செருகட்டும். அதுக்கு உறை இருக்காம்."

"கோயிலுக்குப் போகேக்க? சீலைக் கொய்யக மடிப்புக்குள்ளயோ?"

பிறகு மனைவியின் குரல் இறங்கியது. "இஞ்சேருங்கோ, பேரன் தவழத் தொடங்கிட்டான். அவளின்ர பையைக் கண்டா அதுக்குள்ளதான் கை விடுறான்."

கணவர் போனில் இருந்த படத்தை மூடினார்.

ஒரு கலியாண வீட்டில் திறப்பையும் கொய்யகத்தையும் சொன்னேன். யார் என்றும் சொன்னேன். பேரனை மட்டும் விட்டுவிட்டேன். அதன்பின் அந்தப் பெண்ணைக் கண்ட இடமெல்லாம், "கள்ளன் நிக்கிறானோ, அக்கா?" என்று சனம் கேட்டது.

வெட்கம் தாங்காமல் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார்.

"கதை டெக்சாஸ் வரைக்கும் போயிட்டுது, அண்ணை. நான் அழுதும் கேளாதவள், சனம் சிரிச்ச உடன வேண்டாமெண்டு விட்டிட்டாள்."

என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"மருமோன் தன்ர பிஸ்டலை இன்னும் வச்சிருக்கிறார். அவரைப் பற்றியும் ரெண்டு இடத்தில சொல்லிவிடுங்கோ."