காரணம் சொன்னது நான்தான்

"லஜீஸ்! லஜீஸ்!"

படு என்று அர்த்தம். படுக்கிறேன். முகம் சேற்றில். மேலே விசில் மாதிரி சத்தம். சத்தம் நின்றால் மூன்று எண்ணுவதற்குள் வெடிக்கும். ஒன்று. இரண்டு. வெடிக்கிறது. இடது காதுக்குள் மணி அடிக்கிறது. எழுந்து ஓடுகிறேன். தைப்பூசத்துக்கு மறுநாள். காலை ஏழேகால். பின்னால், முன்வரிசைக் குழிக்குள், என் மனைவியின் தம்பி செல்வம் இருக்கிறான். அவனால் ஓட முடியாது.

அவனை அங்கே உட்கார வைத்தது என் வாய்.

நான் செட்டிகுளம். அவன் கீழப்பழுவூர். ரஷ்யாவில் சமையல்கூட வேலை என்றுதான் எங்களை அனுப்பினார்கள். போய் இறங்கியது போர்முனையில். முதலில் கையில் மண்வெட்டி. அப்புறம் துப்பாக்கி.

அங்கே ரொட்டி கொடுக்கும் ஆள் எங்களுக்குச் சில ரஷ்யச் சொற்கள் சொல்லிக்கொடுத்தார். மழையைக் காட்டி "இஸ்ஸா" என்பார். இதனால்தான் என்று அர்த்தம். வெறும் தட்டைக் காட்டி "பயேதமு" என்பார். ஆகவே. "பதமுஷ்தா" என்றால் ஏனென்றால். ஊரிலிருந்து கொண்டுபோன முருகன் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தின் மேல் மூன்றையும் தமிழில் எழுதிக்கொண்டேன்.

"ரொட்டி இல்லன்னு சொல்ல இவ்ளோ இழுக்கணுமா மாமா? கைய விரிச்சா போச்சு" என்று செல்வம் சிரித்தான்.

"காரணம் சொன்னாத்தான் இவனுங்க மதிப்பானுங்க, மாப்ள. நீயும் படி."

"எனக்கும் சேத்து நீங்களே பேசிடுங்க."

பேசினேன்.

பூசத்தன்று சாயங்காலம் அவன் வலது காலில் இரும்புத்துண்டு பாய்ந்தது. விடிந்ததும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. காயம்பட்டவர்களை ஏற்ற மரங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி நின்றது. அவனை அதில் ஏற்றிவிட வேண்டும். அதிகாரி முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றேன். இவனால் நடக்க முடியாது என்று ஜாடை காட்டினேன். "பதமுஷ்தா நகா" என்றேன். நகா என்றால் கால். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊரில் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கும்போது அப்படித்தான் செய்வேன். குறையைச் சொல்வேன். முடிவை ஐயா கையில் விட்டுவிடுவேன். இன்னது செய்யுங்கள் என்று நானே சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைப்பு. "பயேதமு", ஆகவே, என்று வண்டியைக் காட்டிச் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதிகாரி தலையாட்டினார். "பயேதமு" என்றார். விரலை நீட்டினார். வண்டியை அல்ல. முன்வரிசைக் குழியை. ஓட முடியாதவன் அங்கேயே உட்கார்ந்து சுடட்டும். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று அர்த்தம்.

"வண்டிதானே மாமா?" என்று செல்வம் கேட்டான்.

பொட்டலத்தைப் பிரித்து அவன் நெற்றியில் திருநீறு பூசினேன். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது குண்டு அந்தக் குழியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். புகை. மூன்றாவது குண்டில் எனக்குக் காலில் பட்டது. ஆஸ்பத்திரி. பல மாதம் கழித்து ஊர்.

இப்போது தினமும் நொண்டிக்கொண்டே எங்கள் ஊர் முருகன் மலை ஏறுகிறேன். சந்நிதியில் நின்று நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "அவன் ஏங்க வண்டில ஏறல?" இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

போனது: என் இடது காது. கால்விரல் இரண்டு. செல்வம், வயது இருபத்தாறு. உடல் வரவில்லை.

அன்றைக்கு அந்த வண்டியில் போனவர்கள் இரண்டு பேர். இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்தது.