முதலில் செத்துக் காட்டிய சீமைச்சாமி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, பேசும் படம் என்ற பேச்சே இல்லாத நாளில், வானம் பார்த்த சீமையிலே மாவிலங்குடி மாவிலங்குடி என்று ஒரு ஊர். ஊர் சின்னது, கண்மாய் பெரிசு. அந்தக் கண்மாய்க்கு நீர்க்கட்டி உடையணன். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கு வைப்பதும் நீர்க்கட்டியின் வேலை. உடையணனுக்குப் பெண்சாதி இருளாயி. பிள்ளை ஒன்றே ஒன்று, சீமைச்சாமி.

இந்தச் சீமைச்சாமிதான் பின்னாளில் பாட்டுக்காரச் சீமைச்சாமி ஆனவர். சீமையெல்லாம் அவர் நாடகம் ஆடாத ஊர் இல்லை, அவர் பாட்டு சுற்றாத இசைத்தட்டுப் பெட்டி இல்லை. பட்டணத்தில் படம் எடுக்கிறவர்கள் அவர் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி அழைத்துப் போனார்கள் என்பார்கள். ஆனால் அந்த மனுசன் ஒரு நாளாவது மனம் ஆறித் தூங்கினாரா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது ஏன் என்பதுதான் கதை.

சீமைச்சாமி சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மழை பெய்தது. மழை என்றால் மழை, விடாத மழை. கண்மாய் நிரம்பி அலையடித்தது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்குக் கல்லால் கட்டிய தாழ்வான இடம் ஒன்று இருக்கும். அதற்குக் கலுங்கு என்று பேர். அந்த வருசம் கலுங்கிலே தண்ணீர் வழியவில்லை. ஏன் வழியவில்லை? ஊருக்குத் தலைவரான அம்பலம் முத்திருளப்பன் தன்னுடைய மேட்டு வயலுக்கு இரண்டாம் போகம் வேண்டும் என்று, கலுங்கின் மேல் பனந்தடியைப் போட்டுக் களிமண்ணை அப்பி உயர்த்தி வைத்திருந்தார்.

உடையணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு, அம்பலத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாராம்.

"ஐயா, களிமண்ணை எடுத்துப்புடணும். கரை நடுங்குது."

"கரை நடுங்குதா, நீ நடுங்குறியா?"

"ஐயா, கீழத்தெரு அம்புட்டும் கரைக்கு அடியிலதான் கிடக்கு."

"நாளைக்குப் பாப்போம். போ."

அவ்வளவுதான் பேச்சு. உடையணன் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே கலுங்குக்குப் போனார். களிமண்ணைப் பாதி வெட்டுவதற்குள் கரை உடைந்தது. கீழத்தெரு வீடுகள் போயின. உடையணனும் போனார். தண்ணீர் வடிந்த பிறகு கருவேலங்காட்டுச் சேற்றில் எடுத்தார்கள். கலுங்கில் பனந்தடியும் இல்லை, களிமண்ணும் இல்லை. வெள்ளம் கொண்டுபோனது பாதி, அம்பலத்தின் ஆட்கள் அப்புறப்படுத்தியது பாதி.

அம்பலம் கூட்டத்தில் நின்று சொன்னார், "கள்ளைக் குடிச்சிட்டு மடையைத் திறக்காமத் தூங்கிட்டான்."

வீடு போனவர்களுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. செத்தவனைத் திட்டுவது லேசு. கீழத்தெருச் சோலையம்மாள் ஒரு கை சேற்றை அள்ளி இருளாயி மேலே எறிந்தாளாம். "எங்கப்பன் குடிக்கல, அம்பலம்தான் கலுங்கை அடைச்சாரு" என்று பிள்ளை கத்தினான். சின்னப்பயல் பேச்சை யார் கேட்டார்கள்? தாயும் பிள்ளையும் அன்றைக்கே ஊரைவிட்டு நடந்தார்கள்.

நடந்து போன பாதையில் ஒரு நாடகக் கம்பெனி. பையன் தொண்டையைத் திறந்தான், கம்பெனிக்காரர் சோறு போட்டார். தாய் கம்பெனிக்குச் சோறாக்கினாள், பிள்ளை பாட்டுக் கட்டினான். பெண் வேசம் போட்டான், ராசா வேசம் போட்டான். மீசை முளைத்தபோது பேரும் முளைத்தது. மழையைக் கூப்பிடுகிற பாட்டு ஒன்று, "வடக்கே கறுத்த மேகமே, எங்க வரப்பத் தாண்டிப் போகாதே" என்று ஆரம்பிக்கும். அதை அவர் இழுத்துப் பாடினால் ஆண்பிள்ளைகள் அழுவார்களாம். இசைத்தட்டில் வந்தது. படத்தில் வந்தது. சந்தைக்குப் போகிற வண்டிக்காரன் வாயிலும் வந்தது.

அந்தப் பாட்டுத்தான் அவருக்கு வினையாய்ப் போனது. எந்த மேடை ஏறினாலும் "மேகம்! மேகம்!" என்பார்கள். பாடி முடித்தால் "ஒன்ஸ்மோர்!" என்பார்கள். அந்தக் காலத்து நாடகத்தில் சனம் ஒன்ஸ்மோர் கேட்டால் பாடித்தான் ஆகவேண்டும், அது வழக்கம். செத்துக் கிடக்கிற ராசாவும் எழுந்து உட்கார்ந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டும். படத்திலும் அதே கதை. வசனம் பேசுகிற கட்டம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், "உங்க பேச்சு யாருக்கண்ணே வேணும், பாடுங்க" என்று சிரிப்பார்கள்.

இருளாயி கிழவியானாள். மகன் வீட்டில் மெத்தையில் படுத்தாள். ஆனாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"ஊரே உன் வாயைப் பாக்குதே, உங்கப்பன் குடிகாரன் இல்லேன்னு அந்த வாயால ஒரு தடவை சொன்னியாடா?"

"சொன்னா நம்புவாகளா ஆத்தா?"

"சொன்னா நம்ப மாட்டாக. ஆடிக் காட்டு. கண்ணால பாத்தா நம்புவாக."

சரி என்று சீமைச்சாமி ஒரு நாடகம் எழுதினார். ஒரு ராசா, ஒரு மந்திரி, ஒரு கரைகாவல்காரன். மந்திரி கலுங்கை அடைப்பான், காவல்காரன் மேல் பழி விழும். கடைசிக் காட்சியில் காவல்காரன் சேற்றில் கிடந்து நடந்ததையெல்லாம் சொல்லிச் சாவான். அந்தக் காட்சியில் பாட்டே கிடையாது. பேச்சு மட்டும்தான். மாசித் திருவிழாவுக்கு, கூலி இல்லாமல், மாவிலங்குடியில் ஆடித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். ஊர் குதித்தது.

அம்பலம் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சீமைச்சாமி மேடைக்கு வந்ததும் "மேகம்!" என்று சத்தம். பாடினார். "ஒன்ஸ்மோர்!" பாடினார். "ஒன்ஸ்மோர்!" அம்பலம் எழுந்து மாலை போட்டார். பாடினார். அம்பலத்தின் மச்சினன் எழுந்து மாலை போட்டார். பாடினார். "ஐயாமாரே, கதை இருக்கு, கதையைக் கேளுங்க" என்று கும்பிட்டார். "கதை கிடக்கட்டும், பாடுப்பா!" என்றது சனம். மூன்றாம் காட்சி நடக்கும்போது சேவல் கூவிவிட்டது. மாட்டை அவிழ்க்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கடைசிக் காட்சின்னு ஒண்ணு இருக்குங்க" என்றார் சீமைச்சாமி.

"என்ன கொரலுப்பா உனக்கு!" என்றார் அம்பலம். "அதுக்கென்ன, அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

அம்பலம் தெரிந்துதான் மாலை மாலையாகப் போட்டு நேரத்தை ஓட்டினார் என்பார்கள் சிலர். இல்லை, அவருக்கு மெய்யாகவே பாட்டுப் பித்து என்பார்கள் சிலர். எதுவாயிருந்தால் என்ன, நடந்தது ஒன்றுதான்.

அடுத்த வருசம் சீமைச்சாமி ஒரு யோசனை பண்ணினார். பாட்டையெல்லாம் நாடகத்திலிருந்து பிடுங்கிப் போட்டார். பாட்டே இல்லையென்றால் ஒன்ஸ்மோர் எங்கே இருந்து வரும்? ராசா பேசினார், மந்திரி பேசினார், சனம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. பிறகு கீழத்தெருப் பக்கமிருந்து ஒருத்தன் தானே "வடக்கே கறுத்த மேகமே" என்று எடுத்தான். மேலத்தெரு அடியைப் பிடித்தது. ஊரே பாடியது. ராகம் தப்பு, தாளம் தப்பு. ஆர்மோனியக்காரர் குப்பண்ணனுக்குக் கை ஊறியது, அவரும் கட்டையைத் தட்டிவிட்டார். சீமைச்சாமி மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றார். தன் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடுவதை ஒரு பாட்டுக்காரன் எத்தனை நேரம் கேட்டுக்கொண்டு நிற்பான்? அவரையறியாமல் திருத்திப் பாடிவிட்டார். போச்சு. விடிந்தது. பாயைச் சுருட்டினார்கள்.

சீமைச்சாமி வேசத்தைக் கூடக் கலைக்காமல் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்து, தொண்டையில் குத்துக் குத்தென்று குத்திக்கொண்டாராம். "இதைக் குடுத்ததுக்குச் சாமி என்னை ஊமையாப் படைச்சிருக்கலாம். ஊமை சாடை காட்டினாலாச்சும் என்னன்னு கேப்பானே!"

அந்த வருசம் கார்த்திகையில் இருளாயி கண்ணை மூடினாள். சாகிற அன்றும், "ஆடிட்டியாடா?" என்றுதான் கேட்டாள். "ஆடிட்டேன் ஆத்தா" என்று பொய் சொன்னார். அந்தப் பொய் அவரைத் தின்றது.

மறுவருசம் மாசியில் மறுபடி வந்தார். கொட்டகையில் வேசம் போடுகிறபோது குப்பண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னைக்குக் கடைசிக் காட்சியை முதல்ல ஆடப் போறேன்."

குப்பண்ணன் திகைத்தார். "எடுத்ததும் செத்துட்டா, அப்புறம் என்னத்தைடா ஆடுவே?"

"எந்திரிச்சு ஆடுவேன்."

"பிள்ளையார் காப்பு?"

"செத்ததுக்குப் பிறகு பாடுவோம்."

"அபசகுனம்டா."

"எங்கப்பன் செத்துக் கிடந்ததைவிடவா அபசகுனம்? பொட்டியைத் தொடாம இருங்க, அது போதும்."

விளக்கு வைக்கிற நேரம். சனம் அப்போதுதான் வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தது. கீழத்தெருக்காரர்கள் எப்போதும் முன்னாலேயே வந்து இடம் பிடிப்பார்கள். திரையைத் தூக்கினார்கள். பார்த்தால், மேடையில் மனுசன் சேற்றைப் பூசிக்கொண்டு படுத்துக் கிடக்கிறார்.

"என்னடி இது, வந்ததும் படுத்துட்டான்?"

"வண்டியில வந்த அசதியா இருக்கும்."

சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கச் சீமைச்சாமி பேச ஆரம்பித்தார். ராசா இல்லை, மந்திரி இல்லை. "நான் உடையணன்" என்றார். சிரிப்பு நின்றது. அப்பன் குரலில் பேசினார். "ஐயா, களிமண்ணை எடுத்துப்புடணும்." திரும்பி, அம்பலம் குரலில் பேசினார். "கரை நடுங்குதா, நீ நடுங்குறியா?" அம்பலம் மூக்கை உறிஞ்சுவது போல உறிஞ்சினார். அம்பலம் துண்டை உதறுவது போல உதறினார். அச்சாய் அதே ஆள். "நாளைக்குப் பாப்போம். போ." பிறகு மண்வெட்டி இல்லாமலே வெட்டினார். வெட்டினார், வெட்டினார், விழுந்தார். விழுந்தவர் எழவில்லை.

குப்பண்ணன் பெட்டியைத் தொடவில்லை. யாரும் பாட்டுக் கேட்கவில்லை. சோலையம்மாள் வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீமைச்சாமி கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தார். நாற்காலி காலியாய்க் கிடந்தது.

பெரிய மனுசன் எந்தக் காலத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாடகம் பார்க்க வந்திருக்கிறார்? சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, முதல் பாட்டு முடிகிற நேரத்துக்குத்தானே வருவார்? ஆத்திரத்தில் அதை நினைக்க மறந்து போனார் சீமைச்சாமி.

அரிக்கேன் விளக்கோடு ஆள் முன்னால் வர, அம்பலம் வந்தார். உட்கார்ந்தார்.

"என்ன, ஆரம்பிச்சாச்சா?"

சோலையம்மாள்தான் சொன்னாள். "முடிஞ்சுபோச்சுங்க."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"கதை."

சீமைச்சாமி மேடை விளிம்புக்கு வந்தார். சேறு ஒழுகக் கும்பிட்டார். "ஐயா, உங்களுக்காக அந்தக் காட்சியை இன்னொருதரம் ஆடுறேன். பேச்சுத்தான். கொஞ்ச நேரந்தான்."

அம்பலம் சனத்தைப் பார்த்தார். சனத்தில் ஒரு முகமும் நிமிரவில்லை. அம்பலம் மூக்கை உறிஞ்சினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "பேச்செல்லாம் எதுக்குத் தம்பி? மேகத்தைப் பாடு."

ஊர் வாயைத் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார் சீமைச்சாமி. ஒருவராவது எழுந்து, ஆடட்டும் என்று சொல்லுவார்கள் என்று நின்றார். கீழத்தெருக்காரர்கள் அம்பலத்தின் வயலில் வேலை செய்கிறவர்கள். ஒருவரும் எழவில்லை.

பாடினார். விடிய விடியப் பாடினார். அன்றைக்குப் பாடியதுபோல அவர் ஒருநாளும் பாடியதில்லை, அவ்வளவும் கோபம் என்பார்கள். விடிந்ததும் வண்டி ஏறினார். அதற்குப் பிறகு மாவிலங்குடி மண்ணை அவர் மிதிக்கவில்லை. "என் ஊரு செவிட்டு ஊரு. பாட்டு மட்டுந்தான் கேக்கும்" என்று பட்டணத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தக் கசப்போடேயே போய்ச் சேர்ந்தார்.

அவருக்குத் தெரியாமல் போனது இதுதான். அடுத்த ஐப்பசியில் மழை இறங்கியதும், யாரும் சொல்லாமல் கீழத்தெரு ஆம்பிளைகள் மண்வெட்டியோடு கலுங்குக்குப் போனார்கள். அம்பலம் அந்த வருசமும் களிமண் அப்பியிருந்தார். வெட்டி எடுத்தார்கள். யாரடா வெட்டினது என்று அம்பலம் கேட்டபோது, சோலையம்மாள், "உடையணன் வெட்டினாருங்க" என்றாளாம். அன்றிலிருந்து அந்தக் கலுங்குக்கு உடையணன் கலுங்கு என்றே பேர்.

மாசியில் வேறொரு கம்பெனி ஆட வந்தது. திரை தூக்கியதும் பிள்ளையார் காப்புப் பாடப் போனார்கள். முன்வரிசைப் பெண்கள் விடவில்லை. "முதல்ல கடைசியைக் காட்டு!" என்று ஒரே கூச்சல். கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியை முதலில் ஆடினார்கள். நாற்காலி முன்னதாகவே நிறைந்திருந்தது. எதை ஆடுவார்களோ என்ற பயத்தில் அம்பலம் விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஊர் இப்படி மாறியதைச் சீமைச்சாமிக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. மாவிலங்குடியில் இன்றைக்கும் எந்த நாடகமானாலும் கடைசிக் காட்சிதான் முதலில். செத்தவர் எழுந்து, மேல் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் பிள்ளையாருக்குப் பாட்டு. புதிதாக வருகிறவர்கள், இதென்ன தலைகீழ் ஊர் என்று சிரிக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, நீர்க்கட்டி மகன் ஒருத்தர் இருந்தார் என்று இந்தக் கதையைத்தான் சொல்லுகிறார்கள்.