புது மருமகனின் பிரேக்

வெள்ளவத்தை பஸ்ஸில் என் முன்னிருக்கையில் ஒரு தம்பதி. மனைவியின் காதில் போன். மறுமுனையில் மகள். அவளும் புது மருமகனும் நுவரெலியா மலையிலிருந்து காரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காருக்குள்ளை எரிஞ்ச மணம் வருதாமப்பா."

"இறக்கத்திலை வேகமா விட்டு, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ஓடியிருப்பார். சூடேறியிட்டுது. நிப்பாட்டி ஆறவிடச் சொல்லும்."

"புது மாப்பிள்ளைக்கு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? கோவிப்பார்."

"அப்ப, பிரேக் இறுக்கமா இருக்கோ எண்டாவது கேளும்."

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இல்லையாம். மிதிச்சால் பஞ்சு மாதிரி மெத்தெண்டு போகுதாம். நல்லதுதானே?"

கணவர் போனைப் பறித்தார்.

"பிள்ளை, பிரேக் இனிப் பிடிக்காது! கியரைக் குறைக்கச் சொல்லு... முன்னுக்கு வளைவு இருக்கோ?"

நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. இறங்கவில்லை.