பாஸ்வேர்ட் மாமா

கொஞ்சம் கிட்ட வாங்க. இதைச் சத்தமா சொல்ல எனக்கே தைரியம் இல்ல... என் ஃப்ரெண்டோட அக்காவுக்கு நடந்தது.

விடியக்காலை மூணே முக்கால். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, பிணவறையைத் தாண்டிப் போற ஒத்தை ரோடு. நாய்கூட இல்ல. அக்கா ஸ்கூட்டர்ல அடிச்சுப் பிடிச்சு வர்றாங்க. அங்க கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவங்க ஒருத்தர்தான். ஊழியர்கள் எல்லாரோட பேரும் பாஸ்வேர்டும் இருக்கற சர்வர் படுத்துடுச்சு. அது இல்லேன்னா யாரும் எதுக்குள்ளயும் நுழைய முடியாது... பாஸ்வேர்ட் கேக்கற மருந்து அலமாரிகூடத் திறக்காது.

சர்வர் ரூம். ஏசி 'ஊ...'ன்னு ஓடுது. தலைவலித் தைல வாசனை. யார் தேய்ச்சது? யோசிக்க நேரமில்ல.

புது சர்வரைக் கன்டெய்னர்ல எழுப்பினாங்க. கன்டெய்னர்னா, ஒரு மெஷினுக்குள்ள தனித்தனி டப்பா மாதிரி. சரிப்பட்டு வரலேன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வெச்சுக்கலாம். பழசோட சுவடே இருக்காது.

எழுந்துச்சு. புதுசுங்கறதால லிஸ்ட்ல ஒரு பேரும் இருக்கக்கூடாது. ஆனா ஒண்ணு இருந்துச்சு... பாஸ்வேர்ட் மாமா. அக்காவுக்கு முன்னாடி அங்க வேலை பார்த்தவர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவரும் அந்தப் பேர்லயேதான் பதிஞ்சு வெச்சிருந்தார். நாலு மாசம் முன்னாடி, தலைவலின்னு தைலம் தேய்ச்சுட்டு, இதே ரூம் நாற்காலியில தலை சாஞ்சு செத்துப் போனார்.

பேரை அழிச்சாங்க. சர்வர் நின்னுடுச்சு. டிஸ்கைத் துடைச்சு, டப்பாவைத் தூக்கிப் போட்டு, மறுபடி எழுப்பினா... அதே பேர். பக்கத்துல பச்சைப் புள்ளி. உள்ளதான் இருக்கார்.

போன் அடிச்சுது. குழந்தைங்க வார்டு நர்ஸ்.

"அக்கா, அலமாரி திறக்கல... உடைக்கவும் பார்த்துட்டோம், முடியல. புள்ளைக்கு மூச்சு இழுக்குதுக்கா!"

"ரெண்டே நிமிஷம்மா..."

ஊழியர் லிஸ்ட்டை ஏத்தினா 'அனுமதி இல்லை'. அனுமதி மாமாவுக்கு மட்டும்தான். அக்கா உடைஞ்சு போயிட்டாங்க. அந்தக் காலி ரூம்ல கையெடுத்துக் கும்பிட்டு அழுதாங்க.

"மாமா... இனி உங்களை அழிக்க மாட்டேன். சத்தியமா. அந்தப் புள்ளைக்காக விடுங்க மாமா..."

டக்... டக்... டக்.

கீபோர்டு. அக்காவோட ரெண்டு கையும் கும்பிட்டபடிதான் இருக்கு.

ஐந்நூறு பேரும் லிஸ்ட்ல வந்து விழுந்தாங்க. மேல வார்டுல அலமாரி திறந்துச்சு. புள்ள பொழைச்சுது.

விடிஞ்சதும் அக்கா லிஸ்ட்டை நிதானமாப் பார்த்தாங்க. ஒவ்வொரு பேருக்கும் நேரா 'கடைசி நாள்'னு ஒரு கட்டம். எல்லாம் காலி. ரெண்டு பேருக்கு மட்டும் தேதி விழுந்திருக்கு. போட்டது யார்னு பார்த்தா... மாமா.

முதல் பேர் லிஃப்ட்காரர். அப்போ நல்லாத்தான் இருந்தார். போன வாரம், சரியா அந்தத் தேதியில, லிஃப்ட்டுக்குள்ளயே செத்துப் போயிட்டார்.

இன்னொண்ணு அக்கா பேர். எத்தனை தடவை அழிச்சாலும் தேதி திரும்ப வந்துடுதாம். இன்னிக்கு சாயங்காலம் போன்ல எனக்குக் காட்டினாங்க...

நாளைக்கு.