இறங்கி வந்த எண்

சிவகுரு: என்ர உயிருக்கு டொக்டர் போட்ட விலை பன்னீராயிரம் ரூபா! ஸ்கான் எடுக்கோணுமாம். கேட்டீரே அம்பிகை, அநியாயத்தை?

அம்பிகை: புருசனை மலிவாத்தான் மதிச்சிருக்கிறார். எடுங்கோவன்.

சிவகுரு: ஏன் எடுக்கோணும்? தையில ரத்தம் சோதிக்க ஈரல் நொதியம் இருநூற்றிப் பத்து. சித்திரையில நூற்றிருபது. இப்ப முப்பத்தெட்டு! மாத்தறையில முப்பது வருசம் கடை வைச்சிருந்தவன் நான். எதிராளி இவ்வளவு இறங்கி வந்தா, பேரம் படிஞ்சுதெண்டு அர்த்தம்.

அம்பிகை: இதென்ன புடைவைக் கடையே?

சிவகுரு: அதுக்குள்ள அந்தப் பொடியன் டொக்டர், "ஐயா குடிக்கிறனீங்களோ" எண்டு கேக்கிறான்! எனக்கிருக்கிறது சீனி வருத்தம் மட்டும். இந்தப் புங்குடுதீவில என்னை அப்பிடிக் கேக்க ஒருத்தன் இருக்கிறானே?

அம்பிகை: கத்தாதேங்கோ, மூச்சு வாங்குது. வயிறும் ஊதிக் கிடக்கு...

சிவகுரு: அது உம்மட சமையல்.

அம்பிகை: பகிடியை விடுங்கோ. ஈரல் சிதையச் சிதையத்தான் அந்த நொதியம் ரத்தத்தில கசியுமாம். சிதையிறதுக்கு மிச்சம் இல்லாட்டி எண் தன்ர பாட்டில இறங்குமாம். வெறுங்கடையில களவு போகுமே?

சிவகுரு: பொறும், பொறும். இதை உமக்கு ஆர் சொன்னது?

அம்பிகை: ... டொக்டர்.

சிவகுரு: வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனிட்டை எண்டெல்லோ வெளிக்கிட்டனீர்?

அம்பிகை: வள்ளம் ஏறேல்லை. யாழ்ப்பாணம் பஸ்தான் ஏறினனான்.

சிவகுரு: கட்டின புருசனுக்கே பொய்! அதுவும் அம்மன்ர பேரில!

அம்பிகை: அம்மன் கோவிக்கமாட்டா, நீங்கள்தான் கோவிப்பீங்கள். நாளைக்கு ஸ்கானுக்கு வாறீங்களோ, இல்லையோ?

சிவகுரு: ஏலாது.

அம்பிகை: ஏன் ஏலாது? காசோ?

சிவகுரு: எடுத்தாச்சு...

அம்பிகை: என்ன?

சிவகுரு: இந்தச் செவ்வாய். ஆருக்கும் சொல்லாமல். ஈரல் சுருங்கிப் போச்சாம்... சின்னக் கட்டி ஒண்டும் இருக்காம். உடன வந்து வைத்தியம் தொடங்கச் சொன்னவை. நீர் கனடாவுக்குப் போய் மகள் நிருஜாவின்ர பிள்ளைப்பேறு பாத்திட்டு வாரும், பிறகு பாப்பம் எண்டு... கஞ்சன் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை எண்டுதான் கத்தினனான்.

அம்பிகை: டிக்கெட்டை வெள்ளிக்கிழமையே வேண்டாமெண்டிட்டன். எனக்குப் பதிலா மருமகன்ர தாய் போறா. நீங்கள் ஒளிச்சது ஒண்டு, நான் ஒளிச்சது ரெண்டு. கணக்கில நான்தான் ஒண்டு பாக்கி... உடுப்பை மாத்துங்கோ, ஆஸ்பத்திரியில வைச்சுத் தீர்க்கிறன்.