தப்பை முதலில் சொல்லும் கூட்டம்

பரமசிவன்: ...அதனாலதான் நானே வந்தேன் அண்ணாச்சி. நாளைக்கு அமாவாசை. கெணறு வெட்டுத ஏழு செட்டு ஆளுவளும் மேலகரம் மண்டபத்துக்கு வாராவ. நீங்க வரலைன்னா...

சிவனணைந்தபெருமாள்: வந்து? அவனவன் தப்பைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசணும்... என்ன சட்டம்வே அது?

பரமசிவன்: எல்லாருமா சேந்து போட்டதுதான? ஒரு செட்டு இடறின கல்லுல இன்னொரு செட்டு இடறக் கூடாதுன்னு.

சிவனணைந்தபெருமாள்: இருவது வருசமா வெட்டுதோம். எங்க செட்டுல தப்பே கெடையாது.

வடிவம்மாள்: இதைச் சொல்லத்தான் மாசாமாசம் போறாவ, தம்பி. கூட்டத்துல சிரிச்சவன் எல்லாருக்கும் சுக்குவெந்நி வாங்கிக் குடுக்கணுமாம்லா? ஒங்க அண்ணாச்சி பேச்சைக் கேட்டு எத்தனை மட்டம் வாங்கிக் குடுத்தீய?

பரமசிவன்: நாலு தடவை மைனி.

சிவனணைந்தபெருமாள்: ஏட்டி, உள்ள போ.

பரமசிவன்: நாளைக்கு யாரும் சிரிக்க மாட்டாவ. இன்னொரு செட்டு மாடன் உக்காருத எடம் காலியா கெடக்கும். அவனை எரிச்சு மூணு நாளாச்சு. சாரல்ல வெடிமருந்து நமத்துருக்கு. திரி எரிஞ்சும் வேட்டு வெடிக்கல. கம்பியை விட்டுத் தோண்டியிருக்கான், அப்பம் வெடிச்சிருச்சு...

சிவனணைந்தபெருமாள்: விதி.

பரமசிவன்: விதியா? குழியில தண்ணியை ஊத்திட்டு ஒரு நா சும்மா விட்டிருந்தா... போன கூட்டத்துலயே மாடன் கேட்டாம்லா? “வெடிக்காத வேட்டை என்ன செய்யணும், யாருக்காச்சும் பட்டிருக்கா?”ன்னு. நீங்க மேல பாத்துக்கிட்டு இருந்தீய.

சிவனணைந்தபெருமாள்: எங்களுக்குப் பட்டதில்ல.

வடிவம்மாள்: அப்பம் எம்மவன் நல்லகண்ணுக்கு மூணு வெரலு எங்க போச்சு?

சிவனணைந்தபெருமாள்: கயிறு அறுந்து கல்லு விழுந்துச்சு! ஊருக்கே சொல்லியாச்சுல்லா?

வடிவம்மாள்: ஊருக்குச் சொன்னீய.

பரமசிவன்: மாடன் பொண்டாட்டி ஒலகம்மை ஒண்ணுதான் கேட்டா... “ஏழு செட்டுல ஒருத்தருக்குக் கூடவா தெரியல?”ன்னு. பாவூர்சத்திரத்துல இன்னும் ரெண்டு கெணறு வேலை நடக்கு. சாரல் நிக்கல அண்ணாச்சி.

சிவனணைந்தபெருமாள்: நல்லகண்ணைக் கம்பியை விடச் சொன்னது நாந்தாம்வே.

வடிவம்மாள்: ஐயோ...

சிவனணைந்தபெருமாள்: அவன் வேண்டாம்யான்னான். “நம்ம குடும்பத்துல வேட்டுக்குப் பயந்தவன் உண்டுமாலே?”ன்னு அதட்டினேன். இதை எப்படிவே நாலு பேர் முன்னால... எங்க அய்யா பேரை வச்சுப் பொழைக்குத குடும்பம்...

பரமசிவன்: சொல்லித்தான் ஆவணும்.

சிவனணைந்தபெருமாள்: ...சரி. நாளைக்கு முதல்ல நான் சொல்லுதேன். நல்லகண்ணையும் கூட்டிட்டு வாரேன். அந்தக் கையை எல்லாரும் பாக்கட்டும்.

பரமசிவன்: இல்ல. முதல்ல நான் சொல்லணும்.

சிவனணைந்தபெருமாள்: ஒமக்கு என்னவே தப்பு? கூட்டத்தை நடத்துதவரு நீரு.

பரமசிவன்: அன்னைக்குத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுததுக்குள்ள நல்லகண்ணு கையைத் தொடச்சுக் கட்டுனது நாந்தான? கல்லு நசுக்குன கையில வெடிமருந்துக் கரி எப்படி இருக்கும்? எம்மவ தங்கபுஷ்பம் இந்த வீட்டுக்கு மருமவளா வரப்போறவளேன்னு வாயை மூடிக்கிட்டேன். மாடன் கேட்டப்போ நீங்க மேலதான் பாத்தீய அண்ணாச்சி... “போதும் உக்காருலே, அடுத்த ஆளு பேசட்டும்”னு அவனை உக்கார வச்சது நான்.